கூடை கொடுத்துச் செடி வாங்குதல்: டர்பன் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் முதலிய பகுதிகளிலும் செடி வளர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்குள் பணம் புழங்காமல் நடத்தக்கூடிய பண்டமாற்றுகளில், கையால் பின்னிய கூடைக்கு ஈடாக வீட்டுக்குள் வளரும் தொட்டிச் செடியை வாங்கிக்கொள்வது மிகவும் எளியது. பின்னத் தெரிந்தவரிடம் கூடைகள் தேவைக்கு மேல் சேர்ந்துவிடுகின்றன. செடி வளர்ப்பவரிடம் பக்கக் கன்றுகள் சேர்ந்துவிடுகின்றன. ஆயினும் இந்தப் பரிமாற்றத்தில் ஒரு சமமின்மை உண்டு. கூடையை ஒருமுறை திருப்பிப் பார்த்து, விளிம்பை அழுத்திப் பார்த்தால் அதன் தரம் அப்போதே தெரிந்துவிடும். செடியின் தரமோ ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவரும். கீழே சொல்லப்படும் ஏற்பாடுகளுள் பெரும்பாலானவை இந்தக் கால இடைவெளியை முன்னிட்டே செய்யப்படுபவை.

எந்தக் கூடையைக் கொண்டுபோவது

இங்கே எளிதில் கிடைக்கும் கூடைகளை அவை ஈரத்தைத் தாங்கும் திறனைக் கொண்டு பிரித்துப் பார்ப்பது நல்லது. டர்பன் அமைந்துள்ள குவாஸுலு-நடால் மாகாணத்தின் பெயர்பெற்ற சுருள் கூடை, புல்லையோ ஓலை நரம்பையோ உள்ளே வைத்து, அதைச் சுற்றி இலாலா பனையின் குருத்தோலை நார்களை இறுக்கிச் சுற்றி, வட்டத்தின் மேல் வட்டமாகத் தைத்து உயர்த்தப்படுவது. வேர், பட்டை, இலை ஆகியவற்றோடு கொதிக்கவைத்து ஓலைக்கு நிறமேற்றுகிறார்கள். அழகில் இதற்கு நிகரில்லை என்பது என் கருத்து. ஆனால் தாவர நார் தொடர்ந்து ஈரத்தில் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். டர்பனில் சனவரி முதல் மார்ச் வரை நிலவும் புழுக்கத்தில், தண்ணீர் படாமல் அலமாரியில் வைத்திருக்கும் கூடைகூடச் சாம்பல் பூக்கும்.

வண்ண உறையிட்ட தொலைபேசிக் கம்பியில் பின்னும் இம்பெங்கே தட்டுகளும் கிண்ணங்களும் அழுகுவதில்லை. அவை பெரும்பாலும் ஆழம் குறைந்தவை என்பதால், சிறு கள்ளியினங்களுக்கும் சதைப்பற்றுள்ள செடிகளுக்கும் மட்டுமே பொருந்தும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அங்கே உறவினர் உள்ளவர்களும் அறிந்த பிளாஸ்டிக் வயர் கூடைக்கு இந்தப் பண்டமாற்றில் உண்மையிலேயே நல்ல இடம் இருக்கிறது. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் எனப் பலவகை முடிச்சுகளில் பின்னும் இக்கூடையில் தண்ணீர் தேங்காது, காற்று புகும், கழுவி வெயிலில் வைத்தால் மறுநாளே பயன்படுத்தலாம். கடைக்குப் போகும் கூடைதானே என்று பின்னுபவர்களே இதைத் தாழ்வாக எண்ணுவதுண்டு. ஆனால் செடி வளர்ப்பவர் ஈரம் தாங்குவதைத்தான் முதலில் பார்ப்பார். ஓலைக் கூடையைவிட வயர் கூடையை விரும்பிக் கேட்பவர்கள் இருப்பதில் வியப்பில்லை. ஒன்றைமட்டும் கவனிக்க வேண்டும்: நேரடி வெயில் நாள்தோறும் பட்டால் வயர் இறுகி நொறுங்கத் தொடங்கும். ஆகவே சன்னலோரத்துக்குக் கேட்பவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது வகை உறி. மோர்ப்பானை தொங்கிய அதே உறிதான், பருத்திக் கயிற்றிலோ தேங்காய் நார்க் கயிற்றிலோ பின்னி இன்று தொங்கும் செடிகளுக்குப் பயன்படுகிறது. தொடங்குபவருக்கு இதுவே எளிது. ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம்.

வேறொருவர் பின்னிய கூடையை விலைக்கு வாங்கி அதைச் செடிக்கு மாற்றுவதில் தவறில்லை. ஆனால் அது யார் கைவேலை என்பதை மறைக்கக் கூடாது. சுருள் கூடை ஒன்றைப் பின்னி முடிக்க ஸுலு பெண்களுக்கு வாரக்கணக்கில் ஆகிறது. அத்தகைய கூடையைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிவந்து, இரண்டு போத்துகளுக்கு (நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டுகளுக்கு) கொடுத்துவிடுவது அந்த உழைப்பின் மதிப்பைக் குறைப்பதாகும். தானே பின்ன விரும்புபவர்கள் இலாலா ஓலையைக் காப்புக்காட்டிலிருந்து வெட்டாமல், அதை முறையாக விற்பவர்களிடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அளவெடுப்பதும் ஈரத்துக்கு ஏற்பாடு செய்வதும்

செடிக்காரர் கூடையை மறுப்பதற்கு மிகப் பெரிய காரணம் அளவுப் பொருத்தமின்மையே. இங்குள்ள நர்சரிகளில் வீட்டுச் செடிகள் பெரும்பாலும் விளிம்பின் குறுக்களவு 12, 15, 20 செ.மீ. உள்ள தொட்டிகளில் வருகின்றன. கூடையின் உட்புறக் குறுக்களவு அதைவிட 2 முதல் 3 செ.மீ. கூடுதலாகவும், உயரம் தொட்டியின் விளிம்புக்குச் சற்று மேலாகவும் இருந்தால், பிளாஸ்டிக் தொட்டி வெளியே தெரியாமலும் எளிதில் தூக்கி எடுக்கும்படியும் அமையும். வாய் குறுகி வயிறு பெருத்த வடிவம் பார்க்க அழகாக இருந்தாலும், தொட்டியை உள்ளே இறக்க முடியாது என்பதால் செடிக்கு உதவாது. ஆகவே காலியான பழைய தொட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடிக்கடி உள்ளே இறக்கிப் பார்த்தபடியே பின்ன வேண்டும்.

கூடைக்குள் மண்ணை நேரடியாக நிரப்பக் கூடாது. செடி அதன் துளையுள்ள தொட்டியிலேயே இருக்க, கூடை வெளி உறையாக மட்டுமே இருக்க வேண்டும். கூடையின் அடியில் பொருந்தும்படி ஒரு பிளாஸ்டிக் தட்டையும் சேர்த்தே கொடுத்துவிடுவது நல்லது. அதன் செலவு மிகக் குறைவு, ஆனால் கூடையின் ஆயுளை அது பலமடங்கு கூட்டும். கூடையின் அடிப்பாகம் தரையில் முழுமையாகப் படியாதபடி மூன்று நான்கு தக்கைத் துண்டுகளைக் கால்களாகத் தைத்துவிட்டால் அடியில் காற்று ஓடும். வார்னிஷ் பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். பூசினால் நார்களுக்கிடையே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளுக்குள்ளேயே அழுகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

உறியைக் கொடுப்பதற்கு முன் எடை தாங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். 20 செ.மீ. தொட்டி நீர் ஊற்றியபின் ஏறக்குறைய 4 கிலோ கனக்கும். எனவே 5 லிட்டர் தண்ணீர் நிறைந்த வாளியை அந்த உறியில் ஓர் இரவு முழுவதும் தொங்கவிட்டு, மறுநாள் முடிச்சுகள் நழுவியிருக்கின்றனவா, கயிறு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

எந்தச் செடியைக் கேட்பது

உலகெங்கும் வீடுகளில் வளரும் செடிகளில் பல நாம் வாழும் இந்த மண்ணிலேயே தோன்றியவை. நீண்ட இலைகளுக்கிடையே கொடிபோல் தண்டு விட்டு நுனியில் குட்டிகளைத் தொங்கவிடும் குளோரோஃபைட்டம், தண்ணீரைக் கிழங்கில் சேமித்து வாரக்கணக்கில் வறட்சி தாங்கும் ஜமியோகல்காஸ், நிழலிலும் ஆரஞ்சுநிறப் பூங்கொத்து விடும் கிளிவியா, சிறு பூச்செடியான ஸ்ட்ரெப்டோகார்ப்பஸ் ஆகியவற்றை இங்கேயே பண்டமாற்றில் பெறலாம். வெளிநாட்டு அரிய வகைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

புதியவர் முதலில் கேட்க வேண்டியது குளோரோஃபைட்டம். தாய்ச் செடிக்கு எந்த இழப்பும் இல்லாமல் குட்டிகளைக் கிள்ளிக் கொடுக்க முடியும் என்பதால் செடிக்காரர் தயங்க மாட்டார். சிறு உறிக்கு மூன்று நான்கு குட்டிகள் என்பது பொருத்தமான ஈடு.

ஜமியோகல்காஸ் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஒற்றை இலையை மண்ணில் செருகினாலும் அது வேர்விடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இலை அடியில் கிழங்கு கட்டிப் புதுத் தண்டு விடப் பல மாதங்கள் ஆகும். ஆகவே செடி தருகிறேன் என்று சொல்பவரிடம், தருவது இலையா, கிழங்கோடு பிரித்த தண்டா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மருள் (சான்செவியேரியா) இனத்தில் மஞ்சள் கரையுள்ள வகைக்கும் இத்தகைய சிக்கல் உண்டு. அதன் இலையைத் துண்டாக்கி நட்டால் வரும் கன்றில் மஞ்சள் கரை இருக்காது. கிழங்கைப் பிரித்து எடுத்தால்தான் கரை தொடரும். தெரிந்தே இலைத்துண்டைக் கொடுப்பவர்கள் குறைவு. தெரியாமல் கொடுப்பவர்களே மிகுதி.

கிளிவியா இந்த மாகாணத்தின் பெருமை. ஆரஞ்சு வகையைப் பலர் மரநிழலில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். மஞ்சள் பூ விடும் வகைக்கு எப்போதும் தேவை அதிகம். விதையிலிருந்து வளர்ப்பது பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் பூவின் நிறத்தை எப்படி அறிவது? இளங்கன்றின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே செந்நீலச் சாயம் படிந்திருந்தால் அது பெரும்பாலும் ஆரஞ்சுப் பூவே விடும். சாயமின்றி வெளிர்பச்சையாக இருந்தால் மஞ்சளாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. மஞ்சள் என்று சொல்லிக் கொடுக்கப்படும் கன்றுக்குப் பெரிய சுருள் கூடையை ஈடாகக் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்வதில் யாரும் வருந்தத் தேவையில்லை. பூத்த செடியிலிருந்து பக்கக் கன்றைப் பிரிப்பதாக இருந்தால், வசந்தத்தில் பூத்து முடிந்தபின், ஏறக்குறைய நவம்பரில் பிரிக்கச் சொல்லலாம். பிரித்த கன்று அடுத்த பருவத்தில் பூக்காமல் போகலாம் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். குவாஸுலு-நடாலில் கிளிவியா ஆர்வலர்களுக்கெனத் தனிச் சங்கமே இயங்குகிறது. நல்ல வகைகளை வைத்திருப்பவர்களை அறிந்துகொள்ள அது நல்ல வழி.

நம் வீடுகளில் மட்டும் கேட்கப்படும் செடிகளும் உண்டு: கருவேப்பிலை, வெற்றிலைக் கொடி, துளசி. இவை முற்றிலும் வீட்டுக்குள் வாழ்பவை அல்ல எனினும், வெளிச்சமான வராந்தாவில் கூடைக்குள் நன்றாக வளரும். கருவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது; இலையின் அடிப்புறத்தில் செதில் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கொடுக்கவும் வாங்கவும் கூடாதவை

பணம் கைமாறாததால் சட்டம் பொருந்தாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. 2004ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் 2020இல் வந்த விதிகள், ஆக்கிரமிப்புத் தாவரங்களாகப் பட்டியலிடப்பட்டவற்றை விற்பதையும், பெருக்குவதையும், அன்பளிப்பாகக் கொடுப்பதையும்கூடத் தடுக்கின்றன. இதில் சிக்கல் என்னவென்றால், பண்டமாற்றில் மிக எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் வேகமாகப் பரவும் செடிகளே. தொங்கும் கூடைக்கென்றே பலர் நீட்டும் வாள் பெரணி வகையான நெஃப்ரோலெப்பிஸ் கார்டிஃபோலியா இப்பட்டியலில் இருக்கிறது. அதன் வேரை இழுத்துப் பார்த்தால் சிறு கோலிபோன்ற உருண்டைகள் தென்படும்; அவற்றைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். வெள்ளிக்கோடுகளுடன் ஊதா நிற அடியுள்ள டிரடெஸ்கான்ஷியா செப்ரினாவும், அதன் உறவான டிரடெஸ்கான்ஷியா ஃபுளூமினென்சிஸும் அவ்வாறே. இவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். மாரியம்மன் வழிபாட்டுக்கு வேம்புக்குப் பதிலாக நம்மவர் தழை ஒடிக்கும் சிரிங்கா மரமும் இந்த ஆக்கிரமிப்புப் பட்டியலில் உள்ளதே; ஆகையால் அதன் கன்று கேட்டு வருபவருக்கும் மறுப்புத்தான் சொல்ல வேண்டும்.

மற்றொரு தடை முற்றிலும் எதிரான காரணத்தால் ஏற்பட்டது. பனைபோல் தோன்றும் என்செஃபலார்ட்டோஸ் இனச் சைக்கட் செடிகள் காடுகளிலிருந்து திருடப்பட்டு அழிந்துவருவதால், அவற்றை உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் வைத்திருப்பதும் கைமாற்றுவதும் குற்றமாகும். இந்த இனத்தின் நிலை எவ்வளவு மோசம் என்பதை அறிய விரும்புவோர் டர்பன் தாவரவியல் பூங்காவுக்குப் போய் என்செஃபலார்ட்டோஸ் வூடியை நேரில் பார்க்கலாம்: 1895இல் ஜான் மெட்லி வுட் ஓங்கோயே காட்டில் கண்டறிந்தது ஒரே ஓர் ஆண் செடித் தொகுதி, பெண் செடி இன்றுவரை கிடைக்கவில்லை. காட்டிலிருந்து பிடுங்கிய கிளிவியாவும் இப்படியே விலக்கத்தக்கது. நாட்டு வைத்தியத்துக்காகப் பிடுங்கப்பட்டே அதன் காட்டுத் தொகை குறைந்துவிட்டது. செடி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

மதிப்பை ஒத்துக்கொள்வது

எல்லாவற்றையும் ராண்டில் கணக்கிடத் தொடங்கினால் பண்டமாற்றின் இன்பம் போய்விடும் என்பவர்களும், கணக்கிடாவிட்டால் மனத்தாங்கல் வரும் என்பவர்களும் உண்டு. இரண்டாமவர்கள் பக்கமே நான் சாய்கிறேன், ஆனால் ஓர் எல்லையோடு. கூடைக்குச் சென்ற பொருட்செலவையும், அதே அளவுச் செடிக்கு நர்சரியில் கேட்கும் விலையையும் இருவரும் மனத்துக்குள் அறிந்திருந்தால் போதும். அவற்றை உரக்கச் சொல்லிப் பேரம் பேச வேண்டியதில்லை. செலவிட்ட நேரத்தை முழுமையாகக் கணக்கில் சேர்த்தால் எந்தக் கூடைக்கும் ஈடான செடி கிடைக்காது. செடி வளர்த்தவருக்கும் ஆண்டுக்கணக்கு இருக்கிறது.

ஒத்துக்கொள்ளும்போது பேசித் தீர்க்க வேண்டியவை மூன்று. செடி எந்த நிலையில் வரும்: போத்தா, வேர்விட்டதா, தொட்டியில் நிலைபெற்றதா? கூடைக்கு முன் செடியா, செடிக்கு முன் கூடையா, அல்லது இரண்டும் ஒரே நாளிலா? ஒரு மாதத்துக்குள் செடி வாடினால் மாற்றுக் கன்று கிடைக்குமா? இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கப் புதியவர்கள் கூச்சப்படுகிறார்கள், குறிப்பாகச் செடி கொடுப்பவர் வயதில் மூத்த அக்காவாகவோ அண்ணனாகவோ இருக்கும்போது. கூச்சத்தைப் போக்க எளிய வழி, கூடைக்கு நாமே முதலில் உறுதி கொடுத்துவிடுவது: “ஆறு மாதத்துக்குள் பின்னல் விட்டால் நானே சரிசெய்து தருகிறேன், அக்கா” என்று சொன்னபின், செடிக்கு அவர் தாமாகவே ஓர் உறுதி சொல்லிவிடுவார். ஒத்துக்கொண்டதைச் செடியின் பெயரோடும் கூடையின் அளவோடும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

கைமாறும் நாள்

பருவத்தைப் பொறுத்தவரை, சூன் முதல் ஆகஸ்டு வரையிலான உலர்ந்த குளிர்மாதங்களில் கூடைகளைப் பின்னிச் சேர்த்துவைத்து, செப்டம்பருக்குப்பின் மாற்றுவதே சிறந்த ஒழுங்கு. குளிர்காலத்தில் ஓலை பூஞ்சணமின்றி உலரும். வசந்தத்தில் பிரித்த கன்று விரைவில் வேர்பிடிக்கும்.

செடியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்க வேண்டும். முதலில் இலைகளின் அடிப்புறம், பிறகு இலைக் கணுக்கள்: பஞ்சுபோன்ற வெண்மை தென்பட்டால் அது மாவுப்பூச்சி. கிளிவியாவில் இலைமீது சவ்வுபோல் ஒளி ஊடுருவும் திட்டுகள் இருந்தால், கறுப்பு உடலில் மஞ்சள் பட்டைகள் கொண்ட அல்லிப் புழு உள்ளே துளைத்துக்கொண்டிருக்கலாம். அது சில நாட்களில் குருத்தையே தின்றுவிடும். பிறகு தொட்டியைச் சாய்த்து, செடியை மெல்ல உருவி வேரைப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். வெளுத்து உறுதியாக இருக்கும் வேர் நல்லது. பழுப்பேறிக் குழகுழத்து நாற்றமடிக்கும் வேரை வாங்குவதால் பயனில்லை. கேட்காமல் உருவிப் பார்ப்பது மரியாதைக் குறைவு. கேட்டும் மறுப்பவரிடம் வாங்காமலிருப்பதே நல்லது.

கூடைக்காரரும் குறிப்பு ஒன்றைக் கட்டிக் கொடுக்க வேண்டும்: செடிக்கு நீர் ஊற்றுவதற்கு முன் தொட்டியைக் கூடையிலிருந்து எடுத்துவிட வேண்டும், அரைமணி நேரம் வடியவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை கூடையை வெயிலில் காட்ட வேண்டும். கிளிவியாவும் ஜமியோகல்காஸும் தின்றால் நஞ்சு என்பதால், குழந்தைகளோ பூனையோ உள்ள வீட்டுக்குப் போகும்போது செடிக்காரர் அதைச் சொல்லிவிடுவது கடமை.

ஜோகன்னஸ்பர்க் போன்ற தொலைவூருக்குக் கூரியரில் அனுப்புவதாயிருந்தால், அங்கே பனி உறையும் குளிர்மாதங்களைத் தவிர்க்க வேண்டும். கிளிவியாவை மண் உதறி, வேரைச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பலாம். அது பல நாள் தாங்கும். கூடைக்குள்ளேயே செடியை வைத்துக் கட்டி அனுப்பினால் ஈரத்தால் இரண்டும் கெடும். தனித்தனியாகக் கட்ட வேண்டும். நாட்டுக்கு வெளியே, மொரீஷியசுக்கோ இந்தியாவுக்கோ, தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் எதையும் அனுப்பக் கூடாது.

அதற்கடுத்த மாதம்

வந்த செடியை அன்றே மற்றச் செடிகளோடு சேர்க்கக் கூடாது. மூன்று முதல் நான்கு வாரம் தனி அறையில் வைத்து, வாரம் ஒருமுறை இலையடியைப் பார்க்க வேண்டும். பூச்சிகளின் முட்டை கைமாறும் நாளில் கண்ணுக்குத் தெரியாது, பொரித்தபின்தான் தெரியும். மாவுப்பூச்சி சிறிதளவே இருந்தால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம். இந்தக் காலத்தில் வேறு தொட்டிக்கு மாற்றுவதும் உரமிடுவதும் வேண்டாம். அந்தச் செடிக்கென உங்களிடம் உள்ள கூடையையும் இந்த மாதத்தில் பயன்படுத்தாமல் வைத்திருப்பது நல்லது. பூச்சி பிடித்த தொட்டியைக் கூடைக்குள் வைத்தால் முட்டைகள் பின்னலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இந்தியாவிலிருந்து அண்மையில் வந்தவர்கள் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். தென்னரைக்கோளத்தில் இருக்கும் நமக்கு வெயில் வடக்குப் பக்கச் சன்னலில்தான் நிறைய விழும். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் வடக்கு நிழலானது என்று கருதிக் கிளிவியாவை அங்கே வைத்தால் இலை கருகும். கிளிவியாவுக்கும் ஸ்ட்ரெப்டோகார்ப்பஸுக்கும் கிழக்கு அல்லது தெற்குச் சன்னல் பொருந்தும்.

மாதம் முடிந்து செடி புதுத் தளிர் விட்டதும், அதைக் கூடையில் வைத்துப் படம் எடுத்து, கொடுத்தவருக்கு அனுப்புங்கள். வாடினால் அதையும் மறைக்காமல் படத்தோடு அனுப்ப வேண்டும். வேர் அழுகியதா, வெயில் சுட்டதா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். அதைப் பொறுத்தே மாற்றுக் கன்று தருவதா, வேறு செடி தருவதா என்பதும் முடிவாகும். செடி பெருகிக் குட்டிகள் விட்டபின், அவற்றில் முதல் இரண்டை அவருக்கே திருப்பிக் கொடுக்க முன்வருவது தோட்டக்காரர்களிடையே நல்ல பழக்கம்; அவருடைய தாய்ச்செடி ஏதோ ஒரு கோடையில் பட்டுப்போயிருந்தால், அந்த வகை மீண்டும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.